டிக்ஸி சிக்ஸ் முதல் தி சிக்ஸ் வரை: இவர்களுடைய இசைக்காணொளிகளை எந்த வரிசையில் பார்ப்பது?

தென்றல்வழி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டு மாடியில் கூடுகிறோம். ஒரு கலைஞரையோ ஒரு குழுவையோ எடுத்துக்கொண்டு, அவர்களுடைய காணொளிகளைப் போட்டுப் பார்த்துப் பேசுவது வழக்கம். அடுத்த கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த, கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசை வகையைப் பாடும் குழுவான தி சிக்ஸை (The Chicks) எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 2020 வரை அவர்களுடைய பெயர் டிக்ஸி சிக்ஸ். நாட்டலி மெயின்ஸ் முதற்குரல். மார்ட்டி மக்வயர், எமிலி ஸ்ட்ரேயர் என்ற சகோதரிகள் இருவரும் ஃபிடிலும் (வயலின்) பேஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியும் வாசித்தபடி உடன் பாடுகிறவர்கள்.

இவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே ஒரு காணொளிதான் காரணம். 2006இல் வெளிவந்த 'நாட் ரெடி டு மேக் நைஸ்' பாடலைப் பின்னணி எதுவும் தெரியாமல் தற்செயலாகப் பார்த்தேன். வெண்ணிற உடையில் கறுப்புச் சாயம் படிவதும், அழுகைக்கும் சினத்துக்கும் நடுவே இறுகிப்போயிருந்த நாட்டலியின் முகமும் இரண்டு நாள் என்னை விட்டு அகலவில்லை. அதன் பிறகே 2003இல் போரை எதிர்த்துப் பேசியதற்காக அவர்களுக்கு நேர்ந்ததைப் படித்தேன். படித்துவிட்டு மறுபடியும் பார்த்தபோது, முதலில் கண்டதும் இப்போது காண்பதும் ஒரே காணொளிதானா என்ற எண்ணம் எழுந்தது.

ஆகவே என் கேள்வி இதுதான். எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். 1998 தொடங்கி 2020 வரை இவர்கள் வெளியிட்ட காணொளிகளில் எவற்றைக் கட்டாயம் காட்ட வேண்டும்? ஆண்டு வரிசையில் காட்டுவது நல்லதா, அல்லது எனக்கு நேர்ந்ததைப் போல 2006இல் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதா? இன்னொரு தயக்கமும் உண்டு. காணொளியை எடுப்பவர் இயக்குநர். அப்படியிருக்க, அதில் தெரிவதைக் குழுவின் பேச்சாகக் கொள்வது முறையா? இந்த இசையை நீண்ட நாள் கேட்டு வருகிறவர்கள் பொறுமையாக விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


மணற்கேணி எழுதியது:

வணக்கம், தென்றல்வழி. நல்ல குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆண்டு வரிசையிலேயே காட்டுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 2006இல் தொடங்கினால், அதற்கு முந்தைய காணொளிகள் யாவும் அந்த ஒரு நிகழ்ச்சிக்கான முன்னுரையாகச் சுருங்கிப்போகும். அவை அதற்காக எடுக்கப்பட்டவை அல்ல.

முதலில் ஒரு சிறு பின்னணி. இந்தக் குழு 1989இல் டல்லாஸ் நகரில் தொடங்கியது. அப்போது நான்கு பேர்: எர்வின் சகோதரிகளான மார்ட்டியும் எமிலியும், லாரா லிஞ்ச், ராபின் லின் மேசி ஆகியோர். தெருமுனைகளில் நின்று வாசித்துப் பழகியவர்கள். கையில் இருந்தவை ஃபிடில், பேஞ்சோ, கிட்டார், நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ். 1992இல் மேசி விலகினார். 1995இல் லிஞ்சின் இடத்துக்கு லப்பக் நகரத்து ஸ்டீல் கிட்டார் கலைஞர் லாய்ட் மெயின்ஸின் மகள் நாட்டலி வந்தார். இன்று உலகம் அறிந்திருக்கும் குழு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்றாலும், லாரா லிஞ்சின் பெயரை உங்கள் கூட்டத்தில் ஒருமுறையேனும் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்தார். குழுவின் புகழில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. உழைப்பில் நிறையவே பங்கு இருந்தது.

1998இல் 'வைட் ஓபன் ஸ்பேசஸ்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதே பெயர் கொண்ட பாடலை எழுதியவர் சூசன் கிப்சன். வீட்டைவிட்டு வெளியேறி மேற்கு நோக்கிச் செல்லும் ஓர் இளம்பெண்ணைப் பற்றிய பாடல் அது. அவளைத் துரத்துகிறவர் யாரும் இல்லை. காதலன் காத்திருக்கவும் இல்லை. தவறு செய்து பார்ப்பதற்குப் போதுமான பெரிய இடம் வேண்டும் என்பதற்காகவே போகிறாள். தகப்பன் வண்டியின் எண்ணெயைச் சரிபார்க்கச் சொல்கிறார். தாய் தன் இளமையை நினைத்துக்கொள்கிறாள். தாம் ஓலிஃபண்ட் இயக்கிய அந்தக் காணொளிக்கு 1999இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த காணொளி விருது கிடைத்தது. அதில் பெரிய கதை எதுவும் இல்லை. இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே நிறைவாகப்படுகிறது. மூன்று பேரும் சேர்ந்து இருப்பதில் அடையும் மகிழ்ச்சியைத்தான் படக்கருவி பிடித்து வைத்திருக்கிறது.

அதை அடுத்து 1999இன் 'ரெடி டு ரன்'. மார்ட்டி, மார்கஸ் ஹம்மன் என்ற பாடலாசிரியருடன் சேர்ந்து எழுதியது. மணமேடையிலிருந்து ஓடும் பெண்ணைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்தின் இசைத்தொகுப்பிலும் இடம்பெற்றது. மணப்பெண் உடையில் மூவரும் ஓடுகிறார்கள். இயக்கியவர் எவன் பெர்னார்ட். பாடல் தொடங்கும்போது ஒலிக்கும் துளைக்குழல் இசையில் அயர்லாந்து நாட்டார் இசையின் சாயல் தெளிவாக இருக்கும். அதை ஒருமுறை கண்ணை மூடிக் கேட்கச் சொல்லிவிட்டுப் பிறகு படத்தைக் காட்டுங்கள். கன்ட்ரி இசை எங்கிருந்து கடல் கடந்து வந்தது என்பதை அந்தச் சில நொடிகளே விளக்கிவிடும்.

காணொளியைக் குழுவின் பேச்சாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பாடலைப் பாடுவது என்பதில் இந்தக் குழு தொடக்கம் முதலே பிடிவாதமாக இருந்தது. தங்கள் இசைக்கருவிகளைத் தாங்களே வாசித்தார்கள். ஆகையால் இயக்குநர் யாராக இருந்தாலும், படத்தின் நடுவில் நிற்கும் சொல் அவர்களுடையது என்றே நான் கொள்கிறேன்.


கார்த்திகைப்பூ எழுதியது:

இருவருக்கும் வணக்கம். நான் இசை கற்றவள் அல்ல. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சட்ட உதவி பெற்றுத் தரும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அதனால் இந்தக் குழுவின் ஒரே ஒரு காணொளியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதி கேட்கிறேன். 2000ஆம் ஆண்டில் வந்த 'குட்பை எர்ல்' அது.

பாடலை எழுதியவர் டென்னிஸ் லிண்ட். மேரி ஆன், வாண்டா என்ற இருவர் பள்ளித் தோழிகள். மேரி ஆன் ஊரைவிட்டுப் போகிறாள். வாண்டா எர்ல் என்பவனை மணக்கிறாள். மணமாகி இரண்டு வாரம் கூட ஆகவில்லை, அடி தொடங்கிவிடுகிறது. காயங்களை மறைக்க அவள் கருப்புக் கண்ணாடியும் நீண்ட கையுள்ள சட்டையும் அணிகிறாள். பிறகு துணிவை வரவழைத்துக்கொண்டு மணவிலக்குக் கோருகிறாள். நீதிமன்றம் அவனை அருகில் வரக்கூடாது என்று தடை விதிக்கிறது. அந்தத் தடை உத்தரவை அவன் பொருட்படுத்தாமல் நடந்து வருகிறான், அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறான். செய்தி கேட்டு மேரி ஆன் அட்லாண்டாவிலிருந்து நள்ளிரவு விமானத்தில் பறந்து வருகிறாள். தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். எர்ல் உண்ணும் காராமணியில் நஞ்சு கலக்கப்படுகிறது.

இதைச் சிரித்துக்கொண்டே கேட்கும்படி, கைதட்டிப் பாடும் மெட்டில் அமைத்திருக்கிறார்கள். இதனால் அன்று பெரிய சர்ச்சை எழுந்தது. சில வானொலி நிலையங்கள் பாடலை ஒலிபரப்ப மறுத்தன. கொலையை வேடிக்கையாக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. எனக்கும் முதலில் அதே தயக்கம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னிடம் வரும் பெண்களில் யாரும் பழிவாங்க வேண்டும் என்று கேட்டதில்லை. இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் அந்தக் காணொளியை எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து பார்த்த நாளில் ஒன்றைக் கவனித்தேன். மெட்டைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்த ஒரு மூத்த வழக்கறிஞர் அம்மா, தடை உத்தரவு என்ற சொல் வந்ததும் அசைவதை நிறுத்திவிட்டார். பாடல் முடிந்த பின், "இந்தப் பாட்டில் கொலை கற்பனை, உத்தரவு மட்டும் நிஜம்" என்றார். காகிதத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வாசற்படியில் செல்லாமல் போவதை நாங்கள் எங்கள் கோப்புகளில் அன்றாடம் பார்க்கிறோம். அதை மூன்று சொற்களில் ஒரு வெகுசனப் பாடல் சொல்லிவிட்டது. பாடலை ஒலிபரப்பிய சில நிலையங்கள் அதைத் தொடர்ந்து உதவி எண்களையும் அறிவித்தன என்று அறிந்தபோது என் தயக்கம் இன்னும் குறைந்தது.

இனிக் காணொளிக்கு வருகிறேன். இதையும் இயக்கியவர் எவன் பெர்னார்ட். எர்லாக டென்னிஸ் ஃபிரான்ஸ், வாண்டாவாக ஜேன் கிராகௌஸ்கி, மேரி ஆனாக லாரன் ஹாலி நடித்திருக்கிறார்கள். டென்னிஸ் ஃபிரான்ஸைத் தேர்ந்தெடுத்தது மிகக் கூர்மையான முடிவு. அந்த ஆண்டுகளில் அமெரிக்கர்கள் அவரைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் துப்பறியும் காவலராக வாரந்தோறும் பார்த்து வந்தார்கள். சட்டத்தின் முகமாகப் பழகிய ஒருவரை, சட்டத்தை மிதித்துக்கொண்டு நடப்பவனாக நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே நல்லவர் என்று பெயர் எடுத்தவரைப் பற்றி ஒரு பெண் வந்து புகார் சொல்லும்போது அக்கம்பக்கத்தார் நம்ப மறுப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த நடிகரின் முகத்தைக் கண்டதும் எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

முடிவில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். இறந்துபோன எர்லும் பிணக்கோலத்தோடு வந்து ஆடுகிறான். அந்தக் காட்சி தேவையற்றது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகத் தோன்றுகிறது. தெருக்கூத்தில் வதைபட்டு விழுந்த அரக்கன் கூத்து முடிந்ததும் எழுந்து மற்றவர்களோடு நிற்பதைப் போல, இது சொல்லப்பட்ட கதை, செய்யச் சொன்ன செயல் அல்ல என்று அந்த ஆட்டம் பார்ப்பவருக்கு உணர்த்திவிடுகிறது.

இந்தக் காணொளிக்கும் 2000இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரே குழு இந்த விருதைப் பெற்றது எனக்கு வியப்பாக இருந்தது. காட்டும்போது ஒரே ஒரு வேண்டுகோள்: பாட்டின் சொற்களைத் தமிழில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெட்டு மட்டும் காதில் விழுந்தால் அதன் கனம் தெரியாது.


வெட்டும்_ஒட்டும் எழுதியது:

வணக்கம். நான் படத்தொகுப்பாளன், திருமணக் காணொளிகளும் விளம்பரப் படங்களும் வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. கார்த்திகைப்பூ அவர்கள் எழுதியதைப் படித்த பின் அந்தக் காணொளியை மறுபடியும் பார்த்தேன். இதுவரை நான் வெறும் நகைச்சுவையாகவே பார்த்து வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. மிக்க நன்றி, அம்மா.

நான் எழுத விரும்புவது 2006, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளைப் பற்றி. அதற்கு முன் 2003ஐ உங்கள் கூட்டத்துக்கு எப்படியும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள், ஈராக் மீதான போர் தொடங்குவதற்குப் பத்து நாட்களுக்கு முன், லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது, தாங்கள் இந்தப் போரை விரும்பவில்லை என்றும், அமெரிக்க அதிபர் டெக்சஸைச் சேர்ந்தவர் என்பதற்காக வெட்கப்படுகிறோம் என்றும் நாட்டலி சொன்னார். பேச்சு அமெரிக்காவை எட்டியதும் கன்ட்ரி வானொலி நிலையங்கள் அவர்களுடைய பாடல்களை நிறுத்தின. குறுந்தகடுகளைக் கொட்டி இயந்திரத்தால் நசுக்கினார்கள். டல்லாஸ் நிகழ்ச்சியை ஒட்டி நாட்டலிக்குக் கொலை மிரட்டல் வந்தது. போருக்குச் சென்று திரும்பாத ஓர் இளம் சிப்பாயைப் பற்றி அவர்கள் பாடிய 'டிராவலின் சோல்ஜர்' அந்தச் சமயத்தில்தான் கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. அங்கிருந்து சரிந்து, விரைவிலேயே பட்டியலிலிருந்தே மறைந்துபோனது. போரில் இறந்தவனுக்காக அழும் பாடலைத்தான் தேசத்துரோகம் என்று நிறுத்தினார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த மறுமொழி 'நாட் ரெடி டு மேக் நைஸ்'. மூவரும் டான் வில்சனுடன் சேர்ந்து எழுதியது. தயாரித்தவர் ரிக் ரூபின். காணொளியை இயக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த சோஃபி முல்லர். அதன் வண்ணத்தைக் கவனியுங்கள். முந்தைய காணொளிகளில் நிறைந்திருந்த வெயிலும் பூவும் மஞ்சளும் முற்றாக வடிந்துவிட்டன. வெள்ளை, கறுப்பு, நீலம் தோய்ந்த சாம்பல் ஆகியவையே மிஞ்சுகின்றன. கறுப்புச் சாயம் கையிலிருந்து துணிக்குப் போகிறது. பள்ளிக்கூடத்தில் தண்டனையாக எழுத வைப்பதைப் போல் கரும்பலகையில் வரிகள் நிறைந்திருக்கின்றன. ஊரார் நின்று தீர்ப்புச் சொல்லும் பழங்காலச் சூழல் ஒன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள். சூனியக்காரி என்று பெண்களைக் குற்றஞ்சாட்டிய காலம் அமெரிக்கர்களுக்கு உடனே நினைவுக்கு வரும்.

தொழில்முறையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. தன் மகளுக்கு முன்பின் அறியாத ஒருத்தியை வெறுக்கக் கற்றுத்தரும் தாயைப் பற்றியும், வாயை மூடிக்கொண்டு பாடு, இல்லையேல் உயிர் போகும் என்று வந்த கடிதத்தைப் பற்றியும் பாடும் பகுதிதான் பாட்டின் உச்சம். அவ்விடத்தில் நாட்டலியின் குரல் மேலெழுந்து கிட்டத்தட்ட உடைந்துவிடுகிறது. அந்தக் குரலுக்கு முன் எத்தனை அழகான வெட்டும் சிறியதுதான். பாடுபவரின் முகத்தை நம்பிப் படக்கருவியை நிறுத்தத் தெரிந்தவர் சோஃபி முல்லர்; பாடகி ஆனி லெனாக்ஸுக்கு அவர் எடுத்த காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கன்ட்ரி வானொலி இந்தப் பாடலையும் பெரும்பாலும் ஒதுக்கியது; அந்தத் தரவரிசையில் 36ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. ஆனால் 2007 பிப்ரவரியில் கிராமி விழாவில் இந்தக் குழு ஐந்து விருதுகளைப் பெற்றது. ஆண்டின் சிறந்த பதிவு, பாடல், இசைத்தொகுப்பு மூன்றும் அவற்றில் அடக்கம். அதன் பின் பொதுத் தரவரிசையில் பாடல் 4ஆம் இடம் வரை போனது.

அடுத்த இசைத்தொகுப்பு வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஜாக் அன்டனாஃப் தயாரிப்பில் அதன் பெயர்ப்பாடலான 'கேஸ்லைட்டர்' 2020 மார்ச்சில் முன்னதாக வெளிவந்தது; தொகுப்பு ஜூலையில் வந்தது. மணமுறிவின் கசப்பைப் பற்றிய பாடல். அதன் காணொளியை நான் விரைந்து கடந்துவிடுகிறேன். பழைய படத்துண்டுகளை இடையிடையே சேர்த்திருப்பது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதே தவிர, மனத்தில் தங்கவில்லை.

தங்கியது 2020 ஜூன் 25இல் வந்த 'மார்ச் மார்ச்'. இரண்டையும் இயக்கியவர் ஷான் ஃபார்மர். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆன நாள் அது. குழு தன் பெயரிலிருந்து டிக்ஸி என்ற சொல்லை நீக்கியதும் அதே நாளில்தான். டிக்ஸி என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு, குறிப்பாக அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட மாநிலங்களுக்கு, வழங்கிய பெயர். நியூசிலாந்தில் 1960களிலேயே தி சிக்ஸ் என்ற பெயரில் பாடிய சகோதரிகள் இருவர் இருந்தார்கள். பெயரைப் பகிர்ந்துகொள்ள இசைந்ததற்காக இக்குழு அவர்களுக்கு நன்றி தெரிவித்தது.

உன் குரலுக்கு வலிமை இல்லையென்றால் அதை அடக்க முயன்றிருக்க மாட்டார்கள் என்ற பொருள்படும் ஒரு வாசகத்தோடு காணொளி தொடங்குகிறது. பிறகு முழுவதும் பேரணிகள்: பெண்ணுரிமைக்கான பேரணிகள், குடிமை உரிமைப் போராட்டங்கள், துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்ட மாணவர்கள், கறுப்பின மக்களுக்கு நீதி கேட்டவர்கள். மூவரும் இதில் பாடகர்களாகத் தோன்றுவதே இல்லை. பாடல் முடிந்த பின் தாளமும் ஃபிடிலும் பேஞ்சோவும் மட்டும் ஒலிக்கும் பகுதியில், கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கண் படிக்கும் வேகத்தைவிடப் பெயர்கள் மாறும் வேகம் அதிகம். வழக்கமாக நாங்கள் எழுத்தைத் திரையில் வைக்கும்போது, ஒருமுறை வாய்விட்டுப் படிக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு வைப்போம். இங்கே வேண்டுமென்றே அதை மீறியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திப் படித்தேன்; படித்து முடிக்க, அந்தப் பகுதி ஓடும் நேரத்தைப் போலப் பல மடங்கு ஆனது. நிறுத்தினால் மட்டுமே படிக்க முடியும் என்ற அந்த அமைப்பே காணொளியின் உயிர் என்று நினைக்கிறேன்.

ஆக, புன்னகையில் தொடங்கிய குழு சினத்துக்கு வந்து சேர்ந்த பயணமாக இதை உங்கள் கூட்டத்துக்கு விளக்கலாம்.


மணற்கேணி எழுதியது:

வெட்டும்_ஒட்டும் அவர்களின் பதிவில் பெயர்களைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். ஆனால் கடைசி வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. புன்னகையிலிருந்து சினத்துக்கு என்று கோடு கிழித்தால் தொடக்கக் காணொளிகள் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலையாகிவிடும். கன்ட்ரி இசையில் அழகான இளம்பெண் கணவனுக்காகக் காத்திருப்பாள், அல்லது அவன் ஏமாற்றியதற்காக அழுவாள் என்பது வழக்கமாக இருந்த இடத்தில், 1998இல் இவர்கள் யாருக்காகவும் காத்திராமல் புறப்பட்டார்கள். 1999இல் மணமேடையிலிருந்து ஓடினார்கள். 2000இல் அடித்தவனைப் புதைத்தார்கள். சினம் அப்போதே இருந்தது. மெட்டு இனிமையாக இருந்ததால் வானொலிக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த இடம் 'குட்பை எர்ல்' மட்டும். அதனால்தான் அது அவர்களுடைய மற்றப் பெரிய பாடல்களைப் போல் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் வரை போகாமல் 13இல் நின்றது.

நான் கவனித்த மாற்றம் வேறு. ஒவ்வொரு காணொளியிலும் இந்த மூவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். 'வைட் ஓபன் ஸ்பேசஸ்' காணொளியில் பாடலின் மகிழ்ச்சியே அவர்கள்தான். 'குட்பை எர்ல்' வந்ததும் கதையை நடிகர்களிடம் கொடுத்துவிட்டுக் கதைசொல்லிகளாக விலகிக்கொள்கிறார்கள். 2006இல் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நடுவில் நிறுத்தப்படுகிறார்கள். 'மார்ச் மார்ச்' காணொளியிலோ இடத்தை முழுவதும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்கள். அழகிய முகங்களை வைத்தே விற்பனை நடக்கும் ஒரு துறையில், தங்கள் முகமே இல்லாத காணொளியை ஒரு புதிய பெயரின் முதல் அடையாளமாக வெளியிட எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்ட்ரி இசையில் வானொலிதான் தலைவாசல். 1983இல் கன்ட்ரி இசைக்கென்றே தொலைக்காட்சி வரிசைகள் வந்த பின்னும் காணொளி பக்கவாசலாகவே இருந்தது. வானொலி மறுத்த பாடலைக் காணொளி காப்பாற்றியது அரிது. இந்தக் குழுவுக்குத் தலைவாசல் சாத்தப்பட்ட பிறகு, பக்கவாசல் வழியாகவே அவர்கள் மக்களிடம் வந்தார்கள். இதனாலும் 2003க்குப் பிந்தைய காணொளிகளில் கூடுதல் பொறுப்பும் அழுத்தமும் தெரிகின்றன என்று நினைக்கிறேன்.


வெட்டும்_ஒட்டும் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. எங்கே நிற்கிறார்கள் என்ற உங்கள் கேள்வி என்னுடையதைவிடச் சரியானது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். மார்ட்டியும் எமிலியும் கையில் கருவியோடு இருக்கும் காட்சிகளையும் கருவி இல்லாமல் இருக்கும் காட்சிகளையும் தனியே கவனித்தால் இன்னும் நிறையப் புலப்படும். 'மார்ச் மார்ச்' காணொளியில் அவர்கள் உருவம் இல்லை. ஆனால் பெயர்கள் ஓடும்போது குரல் ஓய்ந்து, அந்த இருவரின் ஃபிடிலும் பேஞ்சோவும்தான் பேசுகின்றன. டல்லாஸ் தெருமுனையில் தொடங்கிய அதே இரண்டு கருவிகள்.


தென்றல்வழி எழுதியது:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்டு வரிசையிலேயே காட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். 'வைட் ஓபன் ஸ்பேசஸ்', 'ரெடி டு ரன்', 'குட்பை எர்ல்' மூன்றும் முதற்பாதியில். அதன் பிறகு விளக்கைப் போட்டு 2003ஐப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன். 'டிராவலின் சோல்ஜர்' பாடலைப் படமின்றி ஒலியாக மட்டும் கேட்கச் செய்வேன். பிறகு 2006, 2020. கார்த்திகைப்பூ அம்மா சொன்னபடி பாடல்களின் பொருளைத் தமிழில் எழுதி, ஆளுக்கொரு தாள் கொடுக்க எண்ணம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 'மார்ச் மார்ச்' முடிவில் பெயர்கள் வரும் பகுதியை ஒருமுறை அப்படியே ஓடவிட்டு, இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் காட்டினால், படைப்பாளர்கள் வைத்த வேகத்தை நான் சிதைத்ததாகுமா?


வெட்டும்_ஒட்டும் எழுதியது:

ஆகாது. முதல் முறை தடையின்றி முழுவதும் ஓடட்டும். உன் குரலைப் பயன்படுத்து, உன் வாக்கைப் பயன்படுத்து என்ற பொருளில் இறுதியில் வரும் எழுத்துகள் வரை நிறுத்தாதீர்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிடுங்கள். நிறுத்தும் பொத்தானை நீங்கள் வைத்துக்கொள்ளாமல், கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் முறைவைத்துக் கொடுங்கள். எந்தப் பெயரில் நிறுத்துவது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். நிறுத்தியவரே அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கட்டும்.